பள்ளி மேலாண்மைக் குழுவும் மலைக் குடும்பங்களும்: கொட்டச்சேடு வட்டாரம், சேர்வராயன் மலை

பள்ளி மேலாண்மைக் குழு என்பது, அரசுப் பள்ளியை நடத்தும் பொறுப்பில் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சட்டப்படி இடம் தரும் அமைப்பு. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 (நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1) இதற்கு அடிப்படை. குடும்பமும் தொடக்கப் பள்ளியும் சேர்ந்து இயங்குவதைப் பற்றித் தமிழகத்தில் யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு இந்தக் குழுவில்தான் வந்து நிற்கும். ஆனால் சேர்வராயன் மலை போன்ற இடத்தில் குழு என்பது உறவின் ஒரு முனைதான். காலை உணவுக் கூடம், சாதிச் சான்றிதழுக்கான அலைச்சல், காப்பிப் பறிப்புக் காலத்து வருகைப் பதிவேடு ஆகியவை மற்ற முனைகள். கூட்ட அழைப்பைவிட இவைதாம் தாய்மாரைப் பள்ளி வாசலுக்கு அடிக்கடி கொண்டுவருகின்றன.

ஊரும் மக்களும்

கொட்டச்சேடு சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்தது. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டினம் பக்கம் இறங்கும் மலைச்சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுச் சாலை பழுதானாலோ அடைபட்டாலோ வண்டிகளை இந்தச் சாலையில்தான் திருப்பிவிடுவார்கள். சுற்றிலும் சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தைப் பற்றி ஏறும் மிளகு. ஏற்காடு வட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலைச் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நேர்க்கோட்டில் பார்த்தால் கூப்பிடு தூரம்தான், நடந்து போனால் பள்ளம் இறங்கி மேடு ஏற வேண்டும்.

வட்டத்து மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது, கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை. பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்பது அவர்கள் சொல்லும் வழிமரபுக் கதை. இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் சேர்வராயன் மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்து கிடந்ததும், ஊருக்கு ஊர் மூப்பன் இருந்ததும் பதிவாகியிருக்கின்றன. ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுப்பது இந்த மக்களுக்குச் சட்டம் வந்து கற்றுக்கொடுத்த பழக்கம் அல்ல. வழக்கமாக அது ஆண்கள் உட்காரும் இடம், மேலாண்மைக் குழுவிலோ தலைமை நாற்காலி ஒரு தாய்க்கு. மலையில் இந்தக் குழு கொண்டுவந்த மாற்றத்தில் பெரியது இதுதான் என்று தோன்றுகிறது.

கல்வி என்றவுடன் ஏற்காட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு நினைவு வருபவை வேறு பள்ளிகள். கிளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் தொடங்கிய திருஇருதயப் பள்ளியும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியும் தென்னிந்தியா முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த இடங்கள். அவற்றின் பெற்றோர் விடுமுறைக்கு விடுமுறை மலையேறி வருபவர்கள். கட்டணம், கடிதம், முன்னாள் மாணவர் சங்கம் என்று அந்த உறவுக்கு வேறு வழிகள் உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குச் சட்டமும் மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கவில்லை. பள்ளிக்கூட மலை என்று பெயரெடுத்த இடத்திலேயே, காப்பித் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளி நெடுநாள் பேசப்படாத விஷயமாக இருந்தது.

முன்கதை

ஊரார் பள்ளிக்குத் துணை நிற்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திக்காட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதன் பெரிய முன்னுதாரணம். முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் நடந்தது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்களும் ஊராரும் முன்கூட்டியே பட்டியல் போடுவார்கள்: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், ஓடு மாற்றுவது, சுற்றுச்சுவர், கிணறு, சீருடை. மாநாட்டு மேடையில் ஒவ்வொருவரும் எதை ஏற்கிறோம் என்று அறிவிப்பார்கள். அதற்கு முன்பே, 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் அரசு பங்கோடு ஊர்ப் பங்கும் சேர்த்தே ஓடியது.

சீரமைப்பு மாநாடுகளின் சிறப்பு அந்தப் பட்டியல். குறையும் அதிலேயே இருந்தது. கொடுக்க வசதி உள்ளவர் இருந்த ஊரில் பள்ளி செழித்தது. மிராசுதாரும் மில் முதலாளியும் இல்லாத மலைக் கிராமத்தில் பட்டியலை யாரிடம் நீட்டுவது? நன்கொடை கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் ஏறியது, பிள்ளையை அனுப்பிய தாய் கூட்டத்தில் பார்வையாளராகவே இருந்தாள்.

1964 முதல் இயங்கும் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பெரும்பாலும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் அமைப்பாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அதன் வினா வங்கிப் புத்தகத்தைத் தெரியும். பின்னர் அனைவருக்கும் கல்வித் திட்டக் காலத்தில் கிராமக் கல்விக் குழுக்கள் வந்தன. அவற்றுக்கு நிதி வந்தது, அதிகாரம் தெளிவாக வரவில்லை.

சட்டம் சொல்வது

2009 சட்டத்தின் 21ஆம் பிரிவு நன்கொடையாளரை ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் பெற்றோரை நடுவில் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோ பாதுகாவலரோ ஆக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்களோ அந்த விகிதத்தில் அவர்களின் பெற்றோருக்கும் இடம். தமிழ்நாட்டில் குழுவின் தலைவர் ஒரு தாய். தலைமை ஆசிரியரும், ஆசிரியர் ஒருவரும், உள்ளாட்சி உறுப்பினர்களும் உடன் இருப்பார்கள். பதவிக் காலம் இரண்டு ஆண்டு.

வேலைகள் மூன்று: பள்ளி நடப்பதைக் கவனிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தீட்டிப் பரிந்துரைப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. பழைய சீரமைப்பு மாநாட்டுப் பட்டியலின் வாரிசுதான் இந்த மேம்பாட்டுத் திட்டம். ஒரு வேறுபாடு உண்டு. அன்று பட்டியல் புரவலரை நோக்கி நீண்டது. இன்று அரசை நோக்கி, உரிமையாக நீள்கிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவு 24. ஆசிரியர் பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று அது ஆசிரியரின் கடமையாகவே விதிக்கிறது. பெற்றோர் பள்ளியைத் தேடிப் போக வேண்டும் என்று பொதுவாக எல்லோரும் சொல்வார்கள், சட்டமோ சந்திப்பை நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தோளில் வைத்திருக்கிறது.

சட்டம் வந்து பத்தாண்டுக்கு மேல் தமிழகத்திலும் குழுக்கள் பெரும்பாலும் தாளில்தான் இருந்தன. கூட்டம் கூடாமலே தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிய கதைகள் ஆசிரியர்களுக்கிடையில் சாதாரணம். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது; அதன் தொடர்ச்சியாக 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம், தீர்மானங்களைப் பதிவேற்றப் பெற்றோர் செயலி, கிராம சபையில் பள்ளித் தேவைகளை வைப்பது என்று வழிமுறைகள் வந்தன. 2024 ஆகஸ்ட் மறுகட்டமைப்பில் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

காப்பிப் பறிப்பும் வெள்ளிக்கிழமையும்

சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டின் எல்லா வரலாற்றுக் குறிப்புகளிலும் இருக்கும். பள்ளியின் நாட்காட்டியோடு அந்தக் காப்பி எப்படி மோதுகிறது என்பதை அக்குறிப்புகள் சொல்வதில்லை.

பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. அதனால் ஒரே செடிக்குச் சில வாரங்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும். விடியற்காலையில் கிளம்பும் தாய், பறித்த பழத்தை மாலையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டே வீடு திரும்புவாள். பறித்த எடைக்குக் கூலி என்றால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கையும் கணக்கில் வரும். காப்பி முடிந்ததும் மிளகு. சில குடும்பங்கள் மிளகு பறிக்கக் கேரளப் பக்கம் போய்விட, பிள்ளை பாட்டியிடம் இருக்கும், அல்லது கூடவே போய்விடும். பள்ளி ஆண்டின் பிற்பாதியில் பெரும்பகுதி இப்படிப் பறிப்பிலேயே கழிகிறது.

இந்தப் பருவத்தில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் என்ன பொருள்? எடை போடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கூடையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத் தாய் தோட்டத்தை விட்டு வர வேண்டும். வராதவளை அக்கறையில்லாதவள் என்று ஆசிரியர் நினைப்பார். போனால் கூலி குறையும் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆசிரியரின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. மலைப் பள்ளி ஆசிரியர்களில் பலர் சேலத்திலிருந்து பேருந்தில் வந்துபோகிறவர்கள், மாலைப் பேருந்தை விட்டால் இறங்க வழியில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்கோ போய்விட்டால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொள்வார். ஆசிரியர் பேருந்தைப் பிடிப்பதும் தாய் தராசடிக்குப் போவதும் அநேகமாக ஒரே நேரம்.

இதற்கு விடை கடினமானதல்ல. பறிப்பு மாதங்களில் கூட்டத்தைக் காலை உணவு நேரத்துக்கோ, ஊர்ச் சாவடிக்கோ, தோட்டத்துக்கு விடுமுறையான நாளுக்கோ மாற்றலாம். சட்டத்தில் கிழமையும் இல்லை, மணியும் இல்லை. அவை சுற்றறிக்கையின் வசதிக்கு வந்தவை, மாற்றுவதால் யாருக்கும் நட்டம் இல்லை. ஜூன் மாதத்திலேயே பறிப்புக் காலத்தை முன்வைத்துத் திட்டம் போடும் குழு, வெளியூர் போகும் குடும்பங்களின் பிள்ளைகளை எந்த உறவினர் வீட்டில் விடுவது, வரும் வழியில் யார் அழைத்துவருவது என்று முன்கூட்டியே பேசிவிட முடியும். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுப்பு விழுந்த பிறகு வீடு தேடிப் போவதைவிட இது எளிது.

மழைக்காலம் வேறு சிக்கல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதைகளில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அப்படிப்பட்ட நாளில் பள்ளியைத் திறக்க முடியுமா, பிள்ளைகள் வரும் ஒற்றையடிப் பாதை எப்படி இருக்கிறது என்பதைக் கீழேயிருந்து வரும் ஆசிரியரைவிட ஊரில் இருக்கும் குழு உறுப்பினர் நன்றாகச் சொல்வார்.

அடுக்களை

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எனக் கிழமைக்கு ஒன்று. ஊட்டச்சத்துக்காக வந்த இத்திட்டம் குடும்ப உறவுக்கும் ஒரு கதவைத் திறந்தது, அதைத் திட்டமிட்டவர்களே எதிர்பார்த்தார்களா தெரியாது. ஊர்ப்புறப் பள்ளிகளில் சமைப்பவர் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர். அவருடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தன் பிள்ளையும் அதே சட்டியிலிருந்துதான் தின்னப்போகிறது என்பதால் சுவையிலும் சுத்தத்திலும் அவருக்கே அக்கறை உண்டு.

இன்னொன்றும் நடந்தது. விடிந்ததும் பள்ளியைத் திறப்பவர் ஓர் அம்மா ஆனார். எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை, எந்தப் பிள்ளை காய்ச்சலோடு வந்திருக்கிறது, எந்த வீட்டில் நேற்று இரவு சண்டை என்பதெல்லாம் ஆசிரியர் பேருந்திலிருந்து இறங்குமுன் அவருக்குத் தெரியும். ஒரு நல்ல தலைமை ஆசிரியர் காலையில் முதலில் பேசுவது அவரிடம்தான். 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டம் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்களை உருவாக்கியது, அவர்கள் அரசு ஊழியர் அமைப்பின் ஓரத்தில் நின்றார்கள். காலை உணவு அம்மா அப்படியல்ல. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்தால் அவர் இடம் அடுத்த தாய்க்குப் போகும்.

சான்றிதழ்

மலைக் குடும்பங்கள் பள்ளியைத் தாமாகத் தேடிவரும் ஒரே காரியம் சாதிச் சான்றிதழ் என்று சொன்னால் மிகையாகாது. மலையாளி சமூகத்தினர் எல்லா மாவட்டத்திலும் பழங்குடியினர் அல்லர். சேலம், தருமபுரி, பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருப்போருக்கே பட்டியல் பொருந்தும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருப்பவர்கள் அதே பெயரோடு இன்னும் வெளியே நிற்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். அவர் அலுவலகம் வரை போக வேண்டியிருப்பதால், பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர் மூன்றிலும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆறாம் வகுப்பு விடுதிச் சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

முதல் வகுப்பில் சேர்க்கும்போதே தாயை உட்காரவைத்து, வீட்டில் அழைக்கும் பெயரையும் ஆவணப் பெயரையும் ஒப்பிட்டு எழுதி, மாணவர் விவரம் பதியும் எமிஸ் தளத்தில் சரிபார்த்துக் கொடுக்கும் ஆசிரியருக்கு அந்த ஊரில் கிடைக்கும் மரியாதையை எந்த விழாவும் தராது. குழந்தைக்கு எழுத்துத் தெரிகிறதா என்று கேட்கும் துணிவு பெற்றோருக்கு அதன் பிறகுதான் வருகிறது. மேலாண்மைக் குழு தன் ஆண்டுத் திட்டத்தில் கட்டடமும் கழிப்பறையும் எழுதுவதோடு, எந்தெந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் நிலுவை என்ற பட்டியலையும் சேர்த்துக்கொள்வது மலையில் மிகப் பொருத்தமான வேலை.

பிற இடங்களின் அனுபவம்

குழு அமைத்தால் போதும், பெற்றோர் பங்கேற்பார்கள், பிள்ளைகள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையை உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்து ஆய்வு ஒன்று கலைத்தது. பிரதம் என்னும் கல்வித் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 280 கிராமங்களில் நடத்திய அந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. கிராமக் கல்விக் குழு ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை, உறுப்பினர்களிலேயே சிலருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு எடுத்துச் சொன்ன பிறகும் பள்ளியில் மாற்றமில்லை. ஆனால் அதே ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துப் படிக்கவைக்கும் முகாம் நடத்தச் சொன்னபோது, முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்புத் தெளிவாக உயர்ந்தது. மேற்பார்வை செய்யச் சொன்னால் தயங்குகிறவர்கள், கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் செய்துவிடுகிறார்கள்.

தமிழகத்தின் இல்லம் தேடிக் கல்வி இதற்கு இன்னொரு சான்று. பெருந்தொற்றில் விடுபட்ட படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலையில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் சொன்னார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ செய்த ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால் வந்தது.

சிகாகோ நகரம் 1988இல் இதைவிடத் துணிந்த காரியம் செய்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர் மன்றம்; அதில் பெற்றோர் 6 பேர், ஊரார் 2 பேர், ஆசிரியர் 2 பேர், முதல்வர். முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே அந்த மன்றத்துக்கு. அதே அதிகாரம் கிடைத்த பள்ளிகளில் சில முன்னேறின, சில அப்படியே கிடந்தன. ஏன் என்று ஆராய்ந்த ஆன்டனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002இல் வெளியிட்ட நூலில், ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரையொருவர் நம்பிய பள்ளிகளே படிப்பிலும் ஏறின என்று காட்டினார்கள். நம்பிக்கை அங்கேயும் அன்றாடக் காரியங்களில்தான் வளர்ந்தது.

மலையாளிக் குடும்பங்களிடையே நடந்த முயற்சி பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கியில் 2004இல் தொடங்கிய துளிர் கற்றல் மையம், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கும், கைவேலை கற்கும் இடமாக வளர்ந்தது. 1993 முதல் அங்கே இயங்கும் பழங்குடி நல மருத்துவமனை ஊர்ப் பெண்களையே நலப் பணியாளர்களாக்கி முன்பே நம்பிக்கை பெற்றிருந்தது.

உண்டு உறைவிடப் பள்ளியும் பதவிக் காலமும்

பழங்குடியினர் நலத் துறையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் தனி வகை. ஊரில் பள்ளி தூரம், பெற்றோர் வெளியூரில் வேலை என்னும்போது இவையே வழி. ஆனால் பிள்ளை விடுதியில் இருக்கத் தாய் வேறு சரிவில் இருந்தால், அடுக்களையிலும் வாசலிலும் அன்றாடம் நடக்கும் பேச்சு இல்லாமல் போகிறது. குழு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதும் பக்கத்து ஊர்ப் பெற்றோரிடையே முடிந்துவிடும். விடுமுறை முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடும் நாளும், திருவிழாவுக்கு அழைத்துப்போக வரும் நாளும்தான் எல்லாப் பெற்றோரையும் ஒருசேரப் பார்க்கக் கிடைக்கும் நாட்கள். கூட்டத்தை அந்த நாட்களில் வைப்பதே உசிதம்.

சாதாரணத் தொடக்கப் பள்ளியிலும் ஒரு தாயின் காலம் குறைவு. முதல் ஆண்டு தயக்கத்தில் போய், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் கேள்வி கேட்கத் தொடங்கி, குழுவுக்கு வந்து, கணக்குப் புத்தகத்தைப் படிக்கப் பழகும்போது பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிடும், உறுப்பினர் தகுதியும் போய்விடும். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவருக்கு இடம் தந்தது இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. மலையில் அந்த இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் அதே பள்ளியில் படித்து, ஏற்காட்டிலோ சேலத்திலோ படிப்பைத் தொடர்ந்து, ஊருக்குத் திரும்பிய முதல் தலைமுறைப் பட்டதாரியாக இருப்பார். செயலியில் தீர்மானம் ஏற்றுவது, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுவது ஆகியவை அவர் கைக்கு வரும். தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும், பழைய மேம்பாட்டுத் திட்டத்தில் எது வந்தது, எது வரவில்லை என்று புதியவருக்குச் சொல்ல ஊரில் ஒருவர் இருப்பார்.